பெரட்டில் கயலுக்குப் பதில் சொன்னவர்கள்

1

"…அதுக்கு மேல என்னால ஆகாது தங்கச்சி, நெஞ்சு வெடிச்சிரும் எனக்கு. திங்கக்கெழமையிலேர்ந்து வேற வேன் பாத்துக்க. உம் மகளை நான் ஏத்த மாட்டேன்லா, அவ்ளோதான்!"

சொன்னவர் புஷ்பம் அக்கா, பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். போன வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்றரை மணிக்கு, ஈப்போ புந்தோங்கில், எங்கள் வீட்டு வாசலில், கொட்டுகிற மழையில் நின்று சொன்னார். சொல்லும்போது அவருடைய இடது கை என் மகள் கயல்விழியின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தது. வாய் ஏற்ற மாட்டேன் என்கிறது, கை விட மாட்டேன் என்கிறது. நான் தலையிலிருந்து தண்ணீர் சொட்ட, கையில் என் கடவுச்சீட்டோடு நின்று, "சரிக்கா, சரிக்கா" என்று தலையாட்டிக்கொண்டிருந்தேன். எதற்குச் சரி என்றேன் என்று எனக்கே தெரியாது.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் முசிறிக்காரி. கல்யாணமாகி இந்த மலாய் நாட்டுக்கு வந்து இந்த மாதத்தோடு பதினான்கு வருஷம். என் வீட்டுக்காரர் சேகரின் முப்பாட்டனார் அதே முசிறிப் பக்கத்திலிருந்து கப்பலேறி, சுங்காய்ப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் சீவ வந்தவர். நான் விமானத்தில் வந்தேன், அவ்வளவுதான் வித்தியாசம். எட்டாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. மீதியெல்லாம் மனிதர்கள் பேசக் கேட்டுக் கற்றுக்கொண்டது. யார் என்ன சொன்னாலும் எனக்கு மனசில் ஒட்டிக்கொள்ளும். புஷ்பம் அக்கா வெள்ளிக்கிழமை சொன்னதும் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது, முள் மாதிரி.

2

அக்காவின் வேனில் ஏழு பிள்ளைகள். ஏழாவது இறங்குகிறவள் கயல்.

பள்ளிக்கூட வாசலில் வேனைக் கிளப்புவதற்கு முன்னால் அக்கா ஏழு பேரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவார். ஒவ்வொருவரும் "இருக்கேன்" என்று குரல் கொடுக்க வேண்டும். இதற்கு அவர் வைத்திருக்கும் பேர் பெரட்டு. அந்தக் காலத்து ரப்பர் தோட்டங்களில் விடிவதற்கு முன்னால் ஆட்களையெல்லாம் ஒரு களத்தில் வரிசையாக நிறுத்தித் தண்டல் என்கிற மேஸ்திரி பேர் கூப்பிடுவாராம். அதுதான் பெரட்டு. பெரட்டில் பேர் விழுந்தால் கூலி, விழாவிட்டால் இல்லை. அக்கா பதினைந்து வயதில் அந்த வரிசையில் நின்றவர். தோட்டத்தை விற்று, மரத்தை வெட்டி, அங்கே வீடு கட்டியே பல வருஷம் ஆகிவிட்டது. அக்காவின் வாயில் மட்டும் பெரட்டு இன்னும் நடக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த வேன் பழசு. ஒரு தடவை என்ஜினை அணைத்தால் மறுபடி கிளம்புவது சாமி புண்ணியம். அதனால் காலையில் முதல் வீட்டில் கிளப்பினால் பள்ளிக்கூடம் போய்ச் சேருகிற வரைக்கும் அக்கா அணைக்கவே மாட்டார். மத்தியானமும் அப்படியே. "அணைச்சேன்னா நீங்கதான் எறங்கித் தள்ளணும்" என்று பிள்ளைகளை மிரட்டுவார். பின்னால் காடி வரிசை, இங்கே காரைக் காடி என்பார்கள், ஹாரன் அடிக்க, முன்பக்கம் பார்த்தபடியே பேர் கூப்பிட்டுக் கிளம்பிவிடுவார். பின்னால் பார்க்கிற கண்ணாடியில் பாதியை ஒரு சாமி மாலை மறைத்திருக்கும்.

வெள்ளிக்கிழமை இரண்டேகாலுக்கு ஹாரன் கேட்டது. ரவிக்கை ஒன்றைத் தையல் மிஷினில் அப்படியே விட்டுவிட்டு வெளியே போனேன். அக்கா இறங்கிவந்து கதவை இழுத்துத் திறந்தார். உள்ளே யாரும் இல்லை.

"எங்க இவ?" என்று என்னைக் கேட்டார்.

"என்னைக் கேக்குறீங்களேக்கா?"

"ஏறுனாளே! பேரு கூப்பிட்டேன். 'இருக்கேன்'னாளே!"

அக்கா குனிந்து இருக்கைக்கு அடியிலெல்லாம் பார்த்தார். பதினொரு வயதுப் பிள்ளை இருக்கைக்கு அடியில் எப்படி இருப்பாள்? நானும் அவர் பின்னால் குனிந்து பார்த்தேன்.

பிறகு அக்கா வேனைத் திருப்பிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் பறந்தார். நான் பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டேன். காவலாளி எடுத்தார். எல்லாப் பிள்ளைகளும் போயாச்சு, கேட்டைப் பூட்டியாச்சு என்றார். சேகருக்குப் போட்டேன். அவர் செம்பனை எண்ணெய் லாரி ஓட்டுகிறவர், தெலுக் இந்தான் சாலையில் எங்கேயோ இருந்தார், எடுக்கவில்லை. வானம் இருட்டிக்கொண்டு வந்தது. போலீசுக்குப் போக வேண்டும் என்று தோன்றியதும் என் கை தானாக அலமாரியைத் திறந்து எதை எடுத்தது தெரியுமா? குடையை அல்ல, பிள்ளையின் படத்தை அல்ல, என் கடவுச்சீட்டை. பதினான்கு வருஷமாக வருஷா வருஷம் வரிசையில் நின்று விசா முத்திரை வாங்குகிற பழக்கம். பிள்ளையைக் காணோம் என்று சொல்லப் போனாலும், முதலில் நீ யார் என்று கேட்பார்கள் என்கிற பயம்.

பெரிய சாலை வரைக்கும் ஓடினேன். லாரிகளைப் பார்த்தேன். அதற்கு அப்பால் கிந்தா ஆறு இருக்கிறது என்று நினைத்தேன். நினைத்த பிறகு வேறு எதையும் நினைக்க முடியவில்லை. மருண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்கு அன்றைக்குப் பட்டப்பகலிலேயே எல்லாம் பேயாக இருந்தது. அதைவிடப் பெரிய பேய் ஒன்று எனக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது. அன்று காலையில் நான் அவளிடம் சொன்ன வார்த்தை அது. அந்த மாதத்தில் மூன்று தண்ணீர்ப் போத்தல்களைத் தொலைத்திருந்தாள். நாலாவதைக் கையில் கொடுத்து, "இதையும் தொலைச்சிட்டு வந்தேன்னா வீட்டுக்கே வராதே" என்று சொல்லியிருந்தேன்.

மூன்றரைக்குக் கொஞ்சம் முன்னால், ஒருவேளை வந்திருப்பாளோ என்று நான் வாசலுக்குத் திரும்பியபோது, அக்காவின் வேன் மழைக்குள்ளிருந்து வந்தது. கயல் முன்னிருக்கையில் தொப்பலாக உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் போத்தலைத் தூக்கிக் காட்டினாள்.

"போத்தல் இருக்கும்மா."

நடந்தது இதுதான். வேனில் ஏறப் போகும்போது போத்தல் ஞாபகம் வந்து, குழாயடிக்குத் திரும்ப ஓடியிருக்கிறாள். போத்தலை எடுத்தாள், கழுவினாள், மூடியைத் தேடினாள், மூடிக்குப் பக்கத்தில் எறும்பு வரிசை போனதைப் பார்த்தாள். திரும்பி வந்தால் வேன் இல்லை. யாரோடும் போகக் கூடாது என்பது அவளுக்குத் தெரியும். நடக்கத் தொடங்கிவிட்டாள். நேர்வழி அவளுக்குத் தெரியாது, வேன் போகிற வழிதான் தெரியும். அதனால் வேன் எப்படிப் போகுமோ அப்படியே போயிருக்கிறாள். முதல் பிள்ளையின் வீடு, இரண்டாவது பிள்ளையின் வீடு, அங்கே திரும்பி மூன்றாவது வீடு. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு நிமிஷம் நின்று, பிறகு அடுத்த வீடு. ஒரு சந்தைக்கூட விடவில்லை. நான் பெரிய சாலையில் தேடிக்கொண்டிருந்தபோது அவள் சந்து சந்தாக நடந்துகொண்டிருந்தாள்.

நாலாவது வீட்டு வாசலில்தான் அக்கா அவளைக் கண்டிருக்கிறார். வேன் நின்றதும் கயல் சொன்னாளாம், "இன்னும் மூணு வீடு இருக்கு ஆன்ட்டி." நடுவில் அந்த லாரிச் சாலையை அவள் தனியாகக் கடந்திருக்கிறாள். அதை நினைத்துத்தான் அக்காவுக்கு நெஞ்சு வெடித்தது.

3

கயலுக்கு அறிவு குறைவு என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போவேன். ஒரு கதை சொன்னால் வரி விடாமல் திருப்பிச் சொல்வாள். நான் பேசுவதைக் கேட்டு, "அம்மா, உங்க தமிழ் சினிமாத் தமிழ்லா" என்று கேலி செய்வாள். ஆனால் குளி, உடுப்பு மாட்டு, பையை எடு என்று மூன்று வேலையைச் சேர்த்துச் சொல்லிவிட்டால் போச்சு. பத்து நிமிஷம் கழித்துப் போய்ப் பார்த்தால் ஒரு காலுறையைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருப்பாள். "அடுத்தது என்னம்மா?" என்று கேட்பாள். பொய் இல்லை, சோம்பல் இல்லை. நிஜமாகவே தெரியாது.

அவளுடைய வகுப்பு ஆசிரியை கலைவாணி டீச்சர்தான் முதலில் எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார். "எது முதல்ல, எது அப்புறம், எப்ப ஆரம்பிக்கணும், எப்ப நிறுத்தணும், அந்த ஒழுங்குதான் இவளுக்கு வரமாட்டேங்குது. மண்டையில எல்லாம் இருக்குங்கம்மா. எடுத்து வரிசையா வைக்கறதுதான் கஷ்டம். திட்டினா சரியாகாது" என்றார்.

எனக்குப் பாதிதான் புரிந்தது. வீட்டுக்கு வந்து சேகர்தான் புரியவைத்தார். "இங்க பாரு சரசு, ஆளுங்க எல்லாம் பெரட்டுக்கு வந்து நிக்கிறாங்க. தண்டல்தான் இன்னும் வரல. நீ அந்த வரிசைக்கு, நீ இந்த வரிசைக்குன்னு பிரிச்சு அனுப்ப ஆள் இல்ல. அதான்." அவர் சொன்னதை நான் டீச்சரிடம் போய்ச் சொன்னேன். அவர் சிரித்து, எழுதி வைத்துக்கொண்டார்.

டீச்சர் சும்மா இருக்கவில்லை. கயலை முன் மேசைக்கு மாற்றினார். மேசையில் சின்னச் சின்னப் படமாக ஒரு தாளை ஒட்டினார். நோட்டை எடு, தேதி எழுது, முதல் கணக்கைப் போடு. ஒன்று முடிந்தால் அந்தப் படத்தின் மேல் அழிப்பானை வைத்து மறைத்துக்கொண்டு அடுத்ததைப் பார்க்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு வேலையைத்தான் சொல்வார். அந்த வகுப்பில் கயல் முதல் தடவையாக ஒரு பக்கக் கணக்கை முழுசாக முடித்தாள்.

மருத்துவரிடம் காட்டச் சொன்னதும் அவர்தான். அரசாங்கக் கிளினிக்கில் நான் தாதியிடம் மலாயில் என் மகளுக்கு மறதி என்று சொல்லப் போய், லுப்பா என்பதற்குப் பதில் லாப்பார் என்று சொல்லிவிட்டேன். மகளுக்கு எப்போதும் பசி என்று அர்த்தமாகிவிட்டது. அந்தப் பெண் பரிதாபப்பட்டு ஒரு பாக்கெட் பிஸ்கட் கொடுத்தாள். பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்த கடிதத்துக்கு எட்டு மாதம் கழித்து நாள் போட்டிருக்கிறார்கள். நிரப்ப வேண்டிய போராங், அதாவது படிவம், நாலு பக்கம். மலாய் எழுத்தை எனக்கு வாசிக்கத் தெரியும், புரிந்துகொள்ளத் தெரியாது. கடைசிப் பக்கத்தைப் படித்த சேகர், மடித்து அலமாரியில் வைத்துவிட்டார். "இதுல கையெழுத்துப் போட்டா நாளைக்கு அவளை என்னான்னு எழுதுவாங்க?" என்றார். அவருக்கும் பயம். ஆண்பிள்ளை பயந்தால் மடித்து வைப்பான் போலிருக்கிறது.

வீட்டுக்கு டீச்சர் சொன்ன வைத்தியம் ஒன்றே ஒன்று. காலையில் பையை அவளே அடுக்க வேண்டும். கதவில் படம் ஒட்டுங்கள். எவ்வளவு நேரமானாலும் அவளே பார்த்துப் பார்த்துச் செய்யட்டும். "நீங்க பக்கத்துல நில்லுங்கம்மா. கையை மட்டும் பின்னால கட்டிக்குங்க."

கட்டிக்கொண்டேனா? இரண்டே நாள். மூன்றாம் நாள் வாசலில் ஹாரன். அணைக்காத என்ஜின் உறுமுகிறது, பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள்காரன் கத்துகிறான், உள்ளே இவள் பென்சில் பெட்டியை அழகு பார்க்கிறாள். பாய்ந்து பிடுங்கி, திணித்து, காலணியை மாட்டி, தள்ளிவிட்டேன். அவசரத்தில் அண்டாவிலும் கை நுழையாது என்று நம் ஊரில் சொல்வோமே, அவள் கை நுழையாதபோதெல்லாம் என் கையை நுழைத்தேன்.

இன்னொன்றை இங்கேதான் முதல் தடவையாக எழுதுகிறேன். அவளுடைய வீட்டுப்பாடத்தையும் பல நாள் நான்தான் எழுதினேன். எழுத்து அவள் எழுத்து மாதிரிக் கோணலாக இருக்க வேண்டும் என்று இடது கையால் எழுதினேன்.

4

எனக்கு ஏன் இவ்வளவு பயம் என்று நீங்கள் கேட்கலாம். எனக்கு மலர் என்று ஒரு தங்கை இருக்கிறாள்.

மலரும் இப்படித்தான். அந்தக் காலத்தில் எங்கள் வீட்டில் இதற்கு ஒரு பேர் கிடையாது. மறதிக் கழுதை என்பார்கள். அவளுக்குப் பையை அடுக்கியது நான். வாய்ப்பாடு எழுதிக் கொடுத்தது நான். அடுப்பில் பால் வைத்தாள் என்றால் பின்னாலேயே போய் நின்றது நான். "எனக்கு ரெண்டு கை எங்கக்காதான்" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவாள். எனக்கு அதில் ஒரு பெருமை.

பிறகு நான் விமானம் ஏறினேன். அவளுடைய இரண்டு கையும் என்னோடு ஏறி வந்துவிட்டன.

அடுத்த வருஷம் அவளுக்குக் கல்யாணம். சோறு தீய்ந்தது, கதவு திறந்து கிடந்தது, மாமியாருக்கு மாத்திரை கொடுக்க மறந்தது என்று மூன்று தடவை அம்மா வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். மூன்றாவது தடவை கூட்டிப் போகவில்லை. இப்போது போன் எடுத்தால், நான் வாய் திறப்பதற்கு முன்னால், ஹலோவுக்குப் பதிலாக அவள் சொல்வது ஒன்றுதான்: "தப்பு எம்மேலதான்க்கா." என்ன தப்பு என்று கேட்டால் தெரியாது.

போன மாதத்திலிருந்து கயல் பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்குள் கால் வைக்கும்போதே, நான் மிஷினிலிருந்து தலைகூட நிமிர்த்தாதபோதே, "சோரிமா" என்று மன்னிப்புக் கேட்கிறாள்.

5

சனிக்கிழமை சேகர் வீட்டில் இருந்தார். கயல் ஜுரத்தோடு படுத்திருந்தாள்.

அக்காவின் வேன் இல்லை என்றால் அந்தப் பள்ளிக்கூடம் இல்லை. நாங்கள் முன்பு குடியிருந்த இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிற பள்ளி அது. வீடு மாறியபோது, டீச்சரை விட்டுப் பிரிக்க வேண்டாம் என்று பள்ளியை மாற்றாமல் விட்டோம். எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. சேகர் விடியுமுன் லாரிக்குப் போகிறவர். அந்தப் பக்கம் போகிற வேறு வேன்காரர்கள் இரண்டு பேரைக் கேட்டாயிற்று, இடமில்லை.

"பக்கத்துப் பள்ளிக்கூடத்துல போட்டுருவோம்" என்றார் சேகர். "நீயே கையைப் புடிச்சுக் கூட்டிட்டுப் போ, கூட்டிட்டு வா."

"எத்தனை வயசு வரைக்கும்?"

அவர் எழுந்து போய், வேலை இல்லாத வேலையாக, ஓடிக்கொண்டிருந்த காற்றாடியை நிறுத்தித் துடைத்தார்.

அப்போது வாசலில் சைக்கிள் சத்தம் கேட்டது. தர்ஷினி வந்திருந்தாள். அடுத்த லோரோங்கில், அதாவது அடுத்த சந்தில், இருக்கிறவள், கயலின் ஒரே சிநேகிதி, வேனில் ஆறாவது வீடு. உள்ளே வரவில்லை. சைக்கிளை விட்டு இறங்காமலேயே பேசினாள்.

"ஆன்ட்டி, அது நான்தான்."

"எது நீதான்?"

"'இருக்கேன்' சொன்னது. புஷ்பம் ஆன்ட்டி கூப்பிடுறப்ப கயல் எப்பவும் வெளிய எதையாச்சும் தேடிக்கிட்டு இருப்பா. ஏச்சு வாங்குவா. அதான் நான் அவ கொரல்ல சொல்லிருவேன். தினமும் சொல்லுவேன். அதுக்குள்ள அவ ஓடியாந்து ஏறிருவா. நேத்து… அவ கடைசி சீட்டுல படுத்திருக்கான்னு நெனச்சேன் ஆன்ட்டி. சத்தியமா."

சொல்லிவிட்டு அழுதாள். "எங்கம்மாகிட்ட சொல்லாதீங்க. புஷ்பம் ஆன்ட்டிகிட்டயும் சொல்லாதீங்க. என்னையும் ஏத்த மாட்டாங்க."

எனக்குக் கோபம் வந்தது. வந்த வேகத்தில் நின்றும்போனது. இந்தப் பிள்ளை கயலின் குரலில் "இருக்கேன்" என்றாள். நான் கயலின் கையெழுத்தில் "இருக்கேன்" என்று எழுதிக்கொண்டிருந்தேன். யார் யாரைத் திட்டுவது? அவளை உள்ளே கூப்பிட்டு மைலோ கலக்கிக் கொடுத்தேன். இரண்டு டம்ளர் குடித்தாள். போகும்போது, "கயல் செத்துப்போயிருந்தா நான்தானே ஆன்ட்டி?" என்று கேட்டாள். பத்து வயதுப் பிள்ளை கேட்கிற கேள்வியா அது? இல்லை என்று சொன்னேன்.

6

ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா வீட்டுக்குப் போனேன். இரண்டு தெரு தள்ளி வீடு. அக்கா முற்றத்தில் வேனைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"பசியாறிட்டியா?" என்று கேட்டார். காலைச் சாப்பாட்டுக்கு இங்கே அப்படித்தான் சொல்வார்கள். வந்த புதிதில், யாருக்குப் பசி என்று கேட்டு நான் சிரிப்பு வாங்கியிருக்கிறேன். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

"இல்லக்கா. ஒண்ணு சொல்ல வந்தேன்."

"வேன் பேச்சுன்னா வேணாம்."

"வேன் பேச்சு இல்ல. என் பேச்சு."

முதலில் என்னைப் பற்றிச் சொன்னேன். இடது கை, வீட்டுப்பாடம், பை, காலணி, எல்லாம். அதற்குப் பிறகுதான் தர்ஷினி. சொல்லாதே என்று அந்தப் பிள்ளை கேட்டுக்கொண்டாள்தான். ஆனால் சொல்லாமல் விட்டால் நாளைக்கும் யாராவது யாருக்காவது "இருக்கேன்" சொல்வார்கள். "அவளை ஏசாதீங்கக்கா. ஏசுறதுன்னா முதல்ல என்னை ஏசிட்டு அப்புறம் அவளை ஏசுங்க" என்றேன்.

அக்கா ஏசவில்லை. தண்ணீர்க் குழாயை மூடினார். வேனின் படியில் உட்கார்ந்தார்.

"தோட்டத்துல லெச்சுமின்னு ஒருத்தி" என்று ஆரம்பித்தார். "என் சோடி. மாசமா இருந்தா. காலையில எந்திரிக்க முடியாது. ஒரு நாள் கூலி போனா வீட்டுல அடி. அதனால பெரட்டுல தண்டல் அவ பேரைக் கூப்பிட்டா நான் கொரல் குடுத்துருவேன். இருட்டுல முகமா தெரியும்? அப்புறமா வந்து அவ மரத்துல நின்னுக்குவா. எல்லாரும் செய்யறதுதான்லா, தப்பா என்ன? ஆளுக்கு ஆள் பேர் குடுத்தா கூலி வரும், பால் வராதுன்னு கெழவனுங்க சொல்லுவானுங்க. நாங்க சிரிப்போம்."

அக்கா கையிலிருந்த துணியைப் பிழிந்தார்.

"ஒரு நாளு அவ வரவே இல்ல. லயத்து வீட்டுலருந்து கெளம்பி வழியில பள்ளத்துல விழுந்து கெடந்திருக்கா. பேருதான் விழுந்துருச்சே, யாரு தேடுவா? அந்த வரிசையில இருக்கான்னு நாங்க நெனச்சோம், வீட்டுல வேலைக்குப் போயிட்டான்னு நெனச்சாங்க. பால் நிறுக்கிற நேரத்துலதான் தெரிஞ்சுச்சு. உசுரோடதான் இருந்தா. வயித்துல இருந்தது இல்ல."

கழுவின தண்ணீர் எங்கள் கால்களுக்கு நடுவே ஓடிச் சாக்கடையில் விழுந்துகொண்டிருந்தது.

"நாப்பது வருஷம் ஆச்சு. அதுக்காகத்தான் தங்கச்சி வேன்ல பேரு கூப்பிடுறேன். ஒரு புள்ளை விடக் கூடாதுன்னு. கூப்பிட்டு என்ன பிரயோசனம்? திரும்பி முகத்தைப் பாத்தேனா? கொரலை நம்பிட்டேன். அன்னைக்குத் தண்டல் எங் கொரலை நம்புனான், இப்ப நானும் நம்பிட்டேனேடி."

அவருடைய கோபம் கயலின் மேல் இல்லை என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஆனால் அது இன்னும் மோசம். கயல்மேல் கோபம் என்றால் கெஞ்சலாம். தன்மேலேயே பயப்படுகிற ஆளிடம் என்ன சொல்லிக் கெஞ்சுவது?

டீச்சர் சொன்னதை மட்டும் சொன்னேன். அவளே செய்யட்டும், பக்கத்தில் நிற்கலாம், கையைப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும். "எனக்கு முடியலக்கா. உங்க வேன் உறுமுறப்ப என் கை தானா போயிருது."

"அப்ப என் வேன் மேல பழியா?"

"உங்க வேனை நான் என்ன சொன்னேன்? அது கெடக்கு பாவம், வயசான காலத்துல."

அக்காவின் உதடு கொஞ்சம் கோணியது. சிரிப்பு என்று எடுத்துக்கொள்ள எனக்கு ஆசை. "நாளைக்கு வருவீங்களாக்கா?" என்று கேட்டேன். அவர் குழாயைத் திறந்தார். "போ தங்கச்சி. போயி பசியாறு" என்றார். அவ்வளவுதான். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

7

திங்கட்கிழமை கயலுக்கு ஜுரம் விட்டிருந்தது. சேகர் லாரிக்குப் போகும் முன்னால், அலமாரியில் மடித்து வைத்த போராங்கை எடுத்துத் தையல் மிஷின் மேல் வைத்துவிட்டுப் போயிருந்தார். கையெழுத்துப் போட்டிருந்தார். இதனால் என்ன வரும், என்ன போகும் என்று எனக்குத் தெரியவில்லை. மேலே ஒரு கத்தரிக்கோலை வைத்தேன், காற்றில் பறக்காமல் இருக்க.

கதவில் படம் ஒட்டியிருந்தது. பை, போத்தல், மூக்குக்கண்ணாடி, காலுறை, காலணி. கயல் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். கட்டிக்கொண்டேன் என்பது பேச்சுக்கு. ஒரு கையை இன்னொரு கையால் பிடித்து வைத்திருந்தேன். வேன் வருமா என்று காது வாசலில் இருந்தது. வராவிட்டால் என்ன செய்வது என்று எங்களிடம் ஒரு திட்டமும் இல்லை.

ஆறேகால். ஆறு இருபது. வழக்கமாக வருகிற நேரம் தாண்டிவிட்டது. கயல் போத்தலைப் பையில் வைத்து, எடுத்து, மறுபடி வைத்தாள். "வேன் வருமாம்மா?" என்றாள். "நீ அடுத்த படத்தைப் பாரு" என்றேன்.

ஆறு இருபத்தைந்துக்கு அந்த உறுமல் தெரு முனையில் கேட்டது. கண்ணில் நீர் வந்துவிட்டது. கூடவே பயமும் வந்தது, பிள்ளையின் ஒரு காலில்தான் காலுறை இருந்தது. இன்னொன்று அவள் கையில் இருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேன் வாசலில் நின்றது. பின்னால் ஒரு காடி வந்து ஒட்டி நின்றது. அதன் பின்னால் இரண்டு மோட்டார். அக்கா இறங்கவில்லை. ஹாரனும் அடிக்கவில்லை. கண்ணாடியில் எப்போதும் தொங்குகிற சாமி மாலையைக் காணோம். அக்கா தலையை முழுசாகப் பின்னால் திருப்பி, ஒவ்வொரு பிள்ளையின் முகத்தையும் பார்த்தார். பிறகு எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பினார்.

"கயல்விழி!"

"இருக்…" என்று வேனுக்குள்ளிருந்து ஒரு குரல் பழக்கத்தில் கிளம்பி, பாதியில் நின்றது. தர்ஷினி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பின்னால் இருந்த காடிக்காரன் ஹாரன் அடித்தான். நான் கயலைப் பார்த்தேன். குனிந்து அந்தக் காலுறையைப் பிடுங்கி மாட்டிவிட அரை நிமிஷம் போதும் எனக்கு. என் தோள் முன்னால் போய்விட்டது. "அடுத்தது என்னம்மா?" என்றாள். கதவைக் காட்டக்கூட நான் கையை எடுக்கவில்லை. கண்ணால் காட்டினேன். அவள் திரும்பிப் படத்தைப் பார்த்தாள். விரலை வைத்துத் தேடினாள்.

மறுபடி ஹாரன். இந்தத் தடவை நீளமாக.

"புள்ளை வரட்டும்லா, உனக்கென்ன அவசரம்!" என்று அக்கா பின்னால் பார்த்து ஒரு சத்தம் போட்டார். பிறகு கையை நீட்டி, சாவியைத் திருகி, என்ஜினை அணைத்தார்.